20 ஆண்டு ஒளிந்திருந்த எழுத்து

மளிகைக் கடைகளில் பொட்டலம் மடிக்கப் பழைய செய்தித்தாள்களை எடைக்கு வாங்கி வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. மராட்டிய மாநிலம் சாத்தாரா மாவட்டத்தில் பல்டண் என்று ஒரு சிறு நகரம். அங்கே ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்திருந்த பெண், அந்தத் தாள்களைப் படித்துக்கொண்டே வியாபாரம் பார்த்தார். ஆள் வராத நேரத்தில் எழுதினார். எழுதியதைப் பழைய தாள்களுக்கு அடியில், யார் கையும் படாத மூலையில் ஒளித்து வைத்தார். அவர் எழுதியது வெளியே வரச் சுமார் 20 ஆண்டுகள் ஆயின.

அவர் பேபி காம்ப்ளே. மராட்டிய மக்கள் பேபிதாயி என்று அழைத்தார்கள். அந்த மொழியில் ‘தாயி’ என்றால் அக்கா.

பேபிதாயி 1929இல் வீர்காவ் என்ற கிராமத்தில் மகர் சாதியில் பிறந்தார். அண்ணல் அம்பேத்கர் பிறந்த சாதியும் அதுதான். சாவுச் செய்தி சொல்லப் போவது, செத்த மாட்டை இழுத்துப் போடுவது, ஊருக்கு ஏவல் செய்துவிட்டு வீடு வீடாகப் பழைய ரொட்டி வாங்கி வருவது எல்லாம் மகர்கள் தலையில் சுமத்தப்பட்ட வேலைகள். நம் சேரிப் பெரியவர்களிடம் கேட்டால், இதே பட்டியலை வேறு பெயர்களில் சொல்வார்கள்.

பல்டணில் அவர் படித்த பெண்கள் பள்ளியில் மகர் பிள்ளைகளுக்குத் தனி மூலை. குடிநீர்ப் பானையைத் தொடக்கூடாது. நான்காம் வகுப்போடு படிப்பு முடிந்தது. 13 வயதில் கல்யாணம்.

அப்புறம் எங்கிருந்து எழுத வந்தார்? அவருக்கு ஆசிரியர் அம்பேத்கர்தான். வீர்காவுக்குப் பக்கத்தில் ஜெஜூரி என்ற கோயில் நகரம் இருக்கிறது. அங்கே அம்பேத்கர் பேசிய பேச்சு, கிராமத்தைப் புரட்டிப் போட்டது. செத்த மாட்டின் கறியை விடுங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்றார். அதை முதலில் பிடித்துக்கொண்டவர்கள் பெண்கள். அந்தப் பெண்களின் வீடுகளில் வளர்ந்த பிள்ளை பேபிதாயி.

கல்யாணத்துக்குப் பிறகு கணவருக்கு வேலை இல்லை. வியாபாரம் செய்யலாம் என்று சொன்னவர் பேபிதாயி. முதலில் திராட்சைப் பழம் வாங்கிச் சில்லறையாக விற்றார்கள். பிறகு காய்கறி. பிறகு மளிகைக் கடை. அந்தக் கடைதான் அவருக்குப் படிப்பறையும் எழுத்து மேசையும்.

எழுதியதை ஏன் ஒளிக்க வேண்டும்? சாதி இந்துக்களுக்குப் பயந்தா? இல்லை. தன் வீட்டு ஆண்களுக்குப் பயந்து. இதைப் பிற்காலத்தில் மாயா பண்டிட்டுக்குக் கொடுத்த பேட்டியில் அவரே சொல்லியிருக்கிறார். கணவருக்குச் சந்தேகம் அதிகம். ஒருமுறை இருவரும் ரயிலில் மும்பைக்குக் கூட்டத்துக்குப் போனபோது, பெட்டியில் இருந்த இளைஞர்கள் தன்னைப் பார்த்தார்கள் என்பதற்காக மூக்கில் ரத்தம் வர அடி வாங்கினார். அந்தப் பெண் எழுதுகிறாள் என்று தெரிந்தால் என்ன நடந்திருக்கும்?

இதே காலத்தில் மராட்டியில் தலித் எழுத்து வெள்ளமாகப் பெருகியது. 1978இல் தயா பவாரின் ‘பலூதா’ வந்து பெரும் பேச்சாயிற்று. 1980இல் லட்சுமண் மானேயின் ‘உபரா’ வந்தது. ஆண்கள் எழுதிய தன்வரலாறுகள் வரிசையாக அச்சேறின. பேபிதாயி எழுதியது கடை மூலையிலேயே கிடந்தது.

பல்டணில் வந்து தங்கியிருந்த அமெரிக்க அறிஞர் மேக்சின் பெர்ன்ட்சன், இப்படி ஓர் எழுத்து இருப்பதை அறிந்து வெளியிடச் சொல்லி ஊக்கப்படுத்தினார். ‘ஸ்த்ரீ’ என்ற மராட்டிப் பெண்கள் இதழில் அது தொடராக வந்தது. 1986இல் ‘ஜிண அமுச்ச’ என்ற பெயரில் புத்தகமானது. ‘எங்கள் வாழ்க்கை’ என்று பொருள். 2008இல் மாயா பண்டிட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபின் உலகம் படித்தது.

அந்தப் புத்தகத்தில் பேபிதாயி ஊரின் கொடுமையை எழுதுகிறார். சேரிக்குள் நடந்ததையும் மறைக்கவில்லை. ஓடிப்போகாதபடி மருமகளின் காலில் மரக்கட்டையைப் பூட்டிய கதையைச் சொல்கிறார். மேல்சாதி நம்மை அடிமையாக வைத்தது, நாம் நம் மருமகள்களை அடிமையாக வைத்தோம் என்பதை ஒளிவில்லாமல் சொல்கிறார். படித்து வேலைக்குப் போனபின் சேரியைத் திரும்பிப் பார்க்காதவர்களையும் விடவில்லை.

ஆனால் தான் பட்ட அடியைப் புத்தகத்தில் எழுதவில்லை. கேட்டதற்கு, அது பெரும்பாலான பெண்களின் வாழ்க்கைதானே, எனக்கு என் சமூகத்தின் துன்பமே பெரிது என்ற பொருளில் பதில் சொன்னார். இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சமூகத்துக்காக அவர் தன் வலியை ஒதுக்கி வைத்தார். அந்தச் சமூகத்தில் பாதியாக இருக்கும் நாம், ஆண்கள், அவருக்காக எதை ஒதுக்கினோம்?

பேபிதாயி எழுத்தோடு நிற்கவில்லை. பல்டணுக்கு அருகே நிம்புரே என்ற ஊரில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி நடத்தினார். 2012 ஏப்ரலில் மறைந்தார். அவர் புத்தகம் வந்து ஆறு ஆண்டு கழித்து, 1992இல், தமிழில் பாமாவின் ‘கருக்கு’ வந்தது. இன்று இரண்டும் கல்லூரிகளில் பாடமாக இருக்கின்றன.

நம் ஊர்களில் அம்பேத்கர் படம் இல்லாத சேரி குறைவு. படத்துக்குக் கீழே உட்கார்ந்து ஆண்கள் அரசியல் பேசுகிறோம். மாலை வகுப்புகளில் பிள்ளைகளிடம் எழுதுவீர்களா என்று கேட்டால், பையன்கள் கை தூக்குகிறார்கள். பெண் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு நோட்டு இருக்கிறது என்பதை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். அரிசிப் பானைக்குப் பின்னால், புத்தகப் பைக்குள், தலையணைக்கு அடியில்.

எழுதும் தங்கச்சிகளுக்கு நாம் சொல்வது ஒன்றுதான். கிழித்துப் போடாதீர்கள். பேபிதாயி 20 ஆண்டு பத்திரமாக வைத்திருந்ததால்தான் அந்தப் புத்தகம் நமக்குக் கிடைத்தது. அண்ணன் தம்பிகளுக்கும் அப்பாக்களுக்கும் சொல்வது வேறு. அந்த நோட்டை அவள் அனுமதி இல்லாமல் எடுத்துப் புரட்டாதீர்கள். இரவில் ஒரு மணி நேரம் பாத்திரம் கழுவுவதை நீங்கள் பாருங்கள். அவள் விளக்கடியில் உட்கார்ந்து எழுதட்டும்.