பிஸ்டனை மாற்றினால் மைலேஜ் கூடுமா?

ஓசூருக்கும் எஞ்சினுக்கும் உள்ள உறவு நாற்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்துதான் வெளிவந்தது. அதே ஆண்டில் அசோக் லேலண்டும் ஓசூரில் லாரி ஆலையைத் தொடங்கியது. இந்த ஊரில் தயாராகும் எந்த எஞ்சினாக இருந்தாலும், எரிபொருளின் வெப்பத்தை அசைவாக மாற்றும் முதல் பாகம் பிஸ்டன்தான். அதன் வடிவத்தையும் உலோகத்தையும் மேற்பூச்சையும் மாற்றி எரிபொருளை மிச்சப்படுத்த முடியுமா என்ற கேள்விக்கு, முடியும் என்பதே பதில். ஆனால் பிஸ்டனால் மட்டும் கிடைக்கும் மிச்சம் பெரும்பாலும் நூற்றுக்கு இரண்டு, மூன்று என்ற அளவில்தான் இருக்கும்.

இதற்கான காரணம் எஞ்சினின் வரவு செலவுக் கணக்கில் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினுக்குள் போகும் எரிபொருளின் ஆற்றலை நூறு பங்காகக் கொண்டால், சக்கரத்தை ஓட்டப் பயன்படுவது ஏறத்தாழ 25 முதல் 30 பங்கு. புகைக்குழாய் வழியே ஏறக்குறைய முப்பது பங்கும், சிலிண்டர் சுவர் வழியாகக் காற்றுக்கோ குளிர்விக்கும் நீருக்கோ இன்னொரு முப்பது பங்கும் வெப்பமாகப் போய்விடுகின்றன. மிஞ்சியது உராய்வுக்கும், காற்றை உள்ளிழுத்து வெளித்தள்ளும் வேலைக்கும் செலவாகிறது. எஞ்சினின் உள் உராய்வில் பாதியை ஒட்டிய பங்கு பிஸ்டன், ரிங், பிஸ்டன் பின் ஆகிய மூன்றையும் சேர்ந்தது.

நூறில் ஒரு பங்கை மீட்டால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். பயன்படும் ஆற்றல் 28 பங்கிலிருந்து 29 ஆனால், அது மூன்றரை சதவீத உயர்வு. லிட்டருக்கு 60 கிலோமீட்டர் ஓடிய வண்டி 62 கிலோமீட்டர் ஓடும். எஞ்சின் வடிவமைப்பாளர்கள் அந்த ஒரு பங்குக்காக ஆண்டுக்கணக்கில் மெனக்கெடுவது இதனால்தான்.

கையில் எடுத்துப் பார்த்தால் பிஸ்டன் சாதாரண உருளையாகத் தெரியும். அளந்தால் அது சரியான உருளையே அல்ல. 'பிஸ்டன் பின்' செல்லும் திசையில் உலோகம் தடிமனாக இருப்பதால் சூட்டில் அந்தப் பக்கம் அதிகம் விரியும். அதனால் அந்தத் திசையில் விட்டத்தைச் சற்றுக் குறைத்து, நீள்வட்டமாகக் கடைகிறார்கள். நெருப்பு படும் தலைப்பகுதி மிகவும் சூடாகும் என்பதால், கீழே உள்ள பாவாடைப் பகுதியைவிடத் தலையின் விட்டம் குறைவு. குளிர்ந்த நிலையில் கோணலாக இருப்பது, சூடேறிய பிறகு சிலிண்டருக்குச் சரியாகப் பொருந்தும். இடைவெளி மிகக் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப்போகும். கூடினால் புகை கீழே கசியும், ஆயில் மேலே ஏறி எரியும். நடுவில் கிடைக்கும் இடம் மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகள்தான்.

உராய்வைக் குறைக்கும் மாற்றங்கள் இங்கிருந்தே தொடங்குகின்றன. சிலிண்டர் சுவரை உரசும் பாவாடையின் பரப்பைக் குறைத்து, இரு பக்கமும் வெட்டி எடுத்த வடிவம் இன்று பரவலாகிவிட்டது. பாவாடையின் மேல் கிராஃபைட் கலந்த கரும்பூச்சு பூசப்படுகிறது. ரிங்குகள் முன்பைவிட மெலிந்து, சுவரை அழுத்தும் விசையும் குறைந்திருக்கிறது. பிஸ்டனின் எடை குறைந்தால், ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் அதை நிறுத்தித் திருப்பும் விசையும் குறையும்; கிராங்க், பேரிங் ஆகியவற்றின் சுமையும் தணியும்.

அடுத்தது பிஸ்டன் தலையின் வடிவம். அதுதான் எரிஅறையின் தரை. பிஸ்டன் கலவையை எவ்வளவு நெருக்கி அழுத்துகிறதோ, வெப்பத்தில் அவ்வளவு பங்கு வேலையாக மாறும். அழுத்த விகிதத்தை 9-லிருந்து 10-க்கு உயர்த்தினால், ஏட்டுக் கணக்குப்படி செயல்திறன் மூன்று சதவீதம் கூடும். நடைமுறையில் அதைவிடக் குறைவாகக் கிடைக்கும். ஆனால் விகிதத்தை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. ஒரு கட்டத்துக்கு மேல் கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று சொல்வது இதைத்தான். தலையின் விளிம்பு சிலிண்டர் ஹெட்டை மிக நெருங்கும்படி வடிவமைத்தால், அங்குள்ள கலவை பிதுங்கி நடுவே பாயும். அந்தச் சுழற்சியில் எரிதல் வேகம் பிடித்து, நாக்கிங்குக்கு நேரம் இல்லாமல் போகும். மஸ்தா நிறுவனம் 2011-இல் பெட்ரோல் எஞ்சினில் 14:1 விகிதத்தைக் கொண்டுவந்தபோது, பிஸ்டன் தலையின் நடுவே ஒரு குழியை அமைத்தது. பிளக்கில் பிறக்கும் தீ உடனே குளிர்ந்த உலோகத்தில் மோதி வலுவிழக்காமல் விரிய அந்தக் குழி இடம் கொடுத்தது.

பிஸ்டனுக்கு மேலுள்ள இந்தச் சிறிய இடத்துக்காக ஓசூர் நிறுவனம் ஒன்றின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதுண்டு. 2007-இல் டிவிஎஸ் மோட்டார், ஃபிளேம் என்ற 125 சிசி பைக்கை அறிவித்தது. அதில் மூன்று வால்வுகளும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளும் இருந்தன. சிறிய சிலிண்டரில் இரட்டைப் பிளக் வைக்கும் முறைக்குத் தன்னிடம் காப்புரிமை இருப்பதாக பஜாஜ் ஆட்டோ சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. மூன்று வால்வு கொண்ட தன் எரிதல் முறை ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத் தொழில்நுட்பத்தில் உருவானது, பஜாஜின் முறையிலிருந்து வேறுபட்டது என்பது டிவிஎஸ்ஸின் வாதம். 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி தடை விதித்தார். ஒற்றைப் பிளக்குடன் ஃபிளேம் விற்பனைக்கு வந்தது. 2009 மே மாதம் டிவிஷன் பெஞ்ச் அந்தத் தடையை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், விற்பனைக் கணக்கை முறையாகப் பராமரிக்கும் நிபந்தனையுடன் விற்பனையை அனுமதித்து, மூல வழக்கை விரைந்து முடிக்கச் சொன்னது. 2019-இல் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. கலவை முழுமையாகவும் வேகமாகவும் எரிவது சந்தையில் எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு இந்த வழக்கே சான்று.

டீசல் எஞ்சினில் பிஸ்டன் தலைக்கு இன்னும் பெரிய பொறுப்பு. அங்கே ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தில் கொதிக்கும் காற்றுக்குள் டீசல் பீய்ச்சப்படும்போது, அதைக் காற்றுடன் கலக்கும் கிண்ணம் பிஸ்டன் தலையிலேயே குடையப்பட்டிருக்கும். கிண்ணத்தின் ஆழம், உதட்டின் வளைவு, நடுமேட்டின் உயரம் எல்லாமே இன்ஜெக்டர் பீய்ச்சும் கோணத்துக்குப் பொருந்த வேண்டும். வால்வோ டிரக்ஸ் இந்தக் கிண்ணத்தின் சுவரில் அலை போன்ற மேடுகளை அமைத்தது. பக்கத்துப் பக்கத்துத் தீநாக்குகள் ஒன்றோடொன்று மோதாமல், காற்று மிச்சமிருக்கும் நடுப்பகுதிக்குத் திரும்புகின்றன. இதனால் எரிபொருள் இரண்டு சதவீதம் வரை மிச்சமாகும், புகைக்கரியும் வெகுவாகக் குறையும் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. இரண்டு சதவீதம் கார்க்காரருக்குச் சின்னத் தொகை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் மேட்டில் நாள்தோறும் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரியின் உரிமையாளருக்கு அது ஆண்டு முடிவில் கண்ணில் படும் தொகை.

உலோகத்தை மாற்றுவது இன்னொரு வழி. அலுமினியம் எடை குறைந்தது, ஆனால் வெப்பத்தை வேகமாகக் கடத்தி வீணாக்கும். எஃகு கனமானாலும் வலிமை மிகுந்தது. அதனால் பிஸ்டனைக் குட்டையாகச் செய்ய முடியும். சூட்டில் எஃகு குறைவாகவே விரிவதால், அலுமினிய எஞ்சின் உடலுக்குள் ஓடும்போது இடைவெளி கூடி உராய்வு தணிகிறது. மெர்சிடிஸ் பென்ஸ் 2014-இல் கார் டீசல் எஞ்சினில் எஃகு பிஸ்டனைக் கொண்டுவந்து, ஏறத்தாழ மூன்று சதவீத மிச்சத்தைச் சொன்னது. டொயோட்டா 2015-இல் தன் 1ஜிடி டீசல் எஞ்சினுக்கு அலுமினியத்தையே வைத்துக்கொண்டு, தலையின் மேல் நுண்துளைகள் கொண்ட வெப்பத்தடுப்புப் பூச்சைப் பூசியது. அந்த எஞ்சினின் உச்ச வெப்பச் செயல்திறன் 44 சதவீதம். முந்தைய எஞ்சினைவிட எரிபொருள் சிக்கனம் 15 சதவீதம் கூடியதற்கு டர்போ, இன்ஜெக்டர், காற்றுப் பாதை என எல்லா மாற்றங்களும் சேர்ந்து உழைத்தன. பூச்சு அவற்றில் ஒன்று. இந்த ஜிடி எஞ்சின் குடும்பம் 2016 முதல் ஓசூருக்கு அருகே, மாநில எல்லைக்கு அப்பால் ஜிகனியிலும் தயாராகிறது.

ஓசூர் கண்ட மிகப் பெரிய சிக்கனத் தாவல் பிஸ்டனின் வேலையே மாறியபோது நிகழ்ந்தது. பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட்டில் பிஸ்டனே வால்வாகவும் இருந்தது. சிலிண்டர் சுவரின் துளைகளை அது மூடித் திறக்கும். புகை வெளியேறும் அதே வேளையில் புதுக் கலவை உள்ளே நுழைவதால், அதில் ஒரு பகுதி எரியாமலே சைலென்சர் வழியே போய்விடும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அந்த வேலையை வால்வுகள் ஏற்றன. டிவிஎஸ் 2001-இல் விக்டர் பைக்கையும், 2015-இல் ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 மொபெட்டையும் கொண்டுவந்தபோது கிடைத்த மைலேஜ் உயர்வை, எந்தப் பூச்சும் மெல்லிய ரிங்கும் தந்திருக்க முடியாது.

கிடைத்த ஆதாயம் எப்போதும் மைலேஜாகவே வந்து சேரும் என்றும் இல்லை. 2024-இல் புதுப்பிக்கப்பட்ட அப்பாச்சி ஆர்ஆர் 310 பைக்குக்கு எடை குறைந்த ஃபோர்ஜிங் பிஸ்டனும் 12.17:1 அழுத்த விகிதமும் வந்தன. அதன் திறன் 34 பிஎஸ் அளவிலிருந்து 38-க்கு உயர்ந்தது. பந்தயப் பைக் வாங்குபவர் கேட்பது வேகம் என்பதால், மேம்பாட்டின் பெரும்பகுதி வேகத்துக்குப் போனது. இதே மாற்றத்தை மொபெட்டில் செய்திருந்தால் அது சிக்கனமாகத் திரும்பியிருக்கும்.

பழைய வண்டிக்குப் புது வடிவ பிஸ்டன் வாங்கிப் போட்டு மைலேஜ் தேடுவது பலன் தராது. பிஸ்டன் மாறினால் அழுத்த விகிதம் மாறும்; இக்னிஷன் நேரமும் எரிபொருள் அளவும் அதற்கேற்ப மாற வேண்டும். தேய்ந்த ரிங்கை மாற்றுவதும், தேவைப்பட்டால் போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதும் இழந்த மைலேஜை மீட்கும்; புதிதாகக் கூட்டாது.

வருங்காலத்தில் பிஸ்டனுக்கு இரண்டு பக்கமிருந்து நெருக்கடி. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆற்றல் குறைவு, ஆனால் நாக்கிங் தாங்கும் திறன் அதிகம். அதற்கென்றே உயர்ந்த அழுத்த விகிதத்துடன் பிஸ்டனை வடிவமைத்தால் இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டலாம். மறுபக்கம், ஓசூரில் ஏத்தரும் போச்சம்பள்ளியில் ஓலாவும் பிஸ்டனே இல்லாத மின் ஸ்கூட்டர்களைத் தயாரிக்கின்றன. மின் மோட்டார் தனக்குத் தரப்படும் ஆற்றலில் எண்பது சதவீதத்துக்கு மேல் சுழற்சியாக மாற்றுகிறது. எவ்வளவு நேர்த்தியான பிஸ்டன் போட்டாலும் பெட்ரோல் எஞ்சினால் அந்த அளவை எட்ட முடியாது. வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த எந்திரமும் ஒரு பகுதி வெப்பத்தை வெளியே விட்டே ஆக வேண்டும் என்பது இயற்பியல் விதி. அந்த எல்லைக்குள் நின்று, லாரிக்கும் மொபெட்டுக்கும் இரண்டு, மூன்று சதவீதமாகச் சேர்த்துக் கொடுப்பதே பிஸ்டன் மேம்பாட்டால் ஆகும் வேலை.