லீவு முடியறதுக்குள்ள ஒரு கதை எழுதலாமா? கோடை எழுத்து முகாம் பற்றி ஒரு கைடு

பரீட்சை முடிஞ்சாச்சு. காலேஜ் திறக்க இன்னும் நாள் இருக்கு. திருவாரூர் வெயிலுக்கு மத்தியானம் வெளியே தலைகாட்ட முடியாது. மேட்டூர் அணை திறக்க ஜூன் 12 ஆகணும் என்பதால் ஆறும் காய்ந்து கிடக்கிறது. கையில் போன் மட்டும் இருக்கு. ஸ்க்ரோல் பண்ணும்போது நடுவில் ஒரு விளம்பரம் வந்து நிற்கிறது: 'கோடைகாலப் படைப்பிலக்கிய முகாம். ஐந்தே நாளில் நீங்களும் எழுத்தாளர்!'

உள்ளுக்குள் ஓர் ஆசை எட்டிப்பார்க்கும். கூடவே சந்தேகமும் வரும். நீச்சல் முகாம் என்றால் நீச்சல் வரும், கம்ப்யூட்டர் கோர்ஸ் என்றால் சர்ட்டிஃபிகேட் வரும். கதை எழுதுவதை எப்படிச் சொல்லித் தர முடியும்? அது தானாக வர வேண்டிய விஷயம்தானே?

பாதி சரி. கற்பனையை யாரும் ஊட்டிவிட முடியாது. ஆனால், தனியாக எழுதும்போது கிடைக்காத மூன்று விஷயங்கள் முகாமில் கிடைக்கும்: கெடு, கேட்கிற காது, திருத்தி எழுதும் பழக்கம். நல்ல முகாம் இந்த மூன்றையும் தரும். இவை இல்லாத முகாமில் சாப்பாடும் குரூப் போட்டோவும்தான் மிச்சம்.

உள்ளே என்ன நடக்கும்?

உலகத்தில் ரொம்பப் பேசப்படும் கோடை எழுத்து முகாம்களில் ஒன்று அமெரிக்காவின் 'க்ளாரியன்'. அறிவியல் புனைகதை எழுத வருகிறவர்களுக்காக 1968-ல் தொடங்கியது. மொத்தம் ஆறு வாரம். வழக்கமாக வாரத்துக்கு ஒரு எழுத்தாளர் வந்து நடத்துவார். வருகிறவர்களும் வாரத்துக்கு ஒரு கதை என்ற வேகத்தில் எழுத வேண்டும். 'மூட் வரலை' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இதுதான் கெடு.

எழுதிய கதையை எல்லோரும் படித்துவிட்டு வட்டமாக உட்காருவார்கள். ஒவ்வொருவராகக் கருத்து சொல்வார்கள். அதுவரை கதை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. 'நான் என்ன சொல்ல வந்தேன்னா...' என்று விளக்கம் கொடுக்கக் கூடாது. கொடுமையாகத் தெரிகிறதா? யோசித்துப் பாருங்கள். நாளைக்கு உங்கள் கதையை யாரோ ஒருவர் மன்னார்குடி பஸ்ஸில் உட்கார்ந்து போனில் படிக்கும்போது, பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். பேப்பரில் இருப்பது மட்டும்தான் கதை. அதைப் புரியவைக்கத்தான் இந்த மௌன விரதம்.

தமிழிலும் முகாம்கள் உண்டு. எழுத்தாளர் ஜெயமோகனும் நண்பர்களும் ஊட்டி நாராயண குருகுலத்தில் குரு நித்யா பெயரில் ஆண்டுதோறும் நடத்திவந்த முகாம் அவற்றில் பிரபலமானது. இது எழுதிப் பழகுவதைவிட வாசித்து விவாதிப்பதற்கான முகாம். பேசப்போகும் கதை, கவிதைகளை முன்னாடியே படித்துவிட்டுத்தான் வர வேண்டும். எழுத வேண்டுமென்றால் முதலில் வாசிக்க வேண்டும் என்பதை அந்த ஒரு விதியே சொல்லிவிடுகிறது.

நம்ம ஊரில் இதெல்லாம் இருந்ததா?

இருந்தது. 'முகாம்' என்று யாரும் போர்டு மாட்டவில்லை, அவ்வளவுதான்.

1940-களின் தொடக்கம். கும்பகோணத்தில் கு.ப.ராஜகோபாலன் என்ற எழுத்தாளர். அரசாங்க வேலையில் இருந்தவர், கண்புரையால் பார்வை மங்கி, வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தார். அவரைச் சுற்றி எழுத்து ஆசை பிடித்த இளைஞர்கள் கூடினார்கள். எம்.வி.வெங்கட்ராம், மன்னார்குடி பக்கம் தேவங்குடியில் பிறந்த தி.ஜானகிராமன், நன்னிலம் பக்கத்துக்காரரான நாராயணசாமி என எல்லோரும் அப்போது இருபதுகளின் ஆரம்பத்தில் இருந்தவர்கள். கதைகளைப் பற்றிப் பேசுவது, சண்டை போடுவது, எழுதியதைக் காட்டுவது. ஃபீஸ் இல்லை, சர்ட்டிஃபிகேட் இல்லை.

கு.ப.ரா. 'கரிச்சான்' என்ற புனைபெயரிலும் எழுதியவர். நாராயணசாமி தனக்கு வைத்துக்கொண்ட பெயர் என்ன தெரியுமா? 'கரிச்சான் குஞ்சு'! நான் யாரிடம் எழுதப் பழகினேன் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார். பின்னாளில் 'பசித்த மானிடம்' நாவலை எழுதியவர் அவர்தான். தி.ஜா.வுக்கு 1979-லும், எம்.வி.வி.க்கு 1993-லும் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

இதில் அதிகம் பேசப்படாத ஒருவர் உண்டு. கு.ப.ரா.வுக்குப் பார்வை மங்கியிருந்த காலத்தில், அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தவர் தங்கை சேது அம்மாள். வெளியூர் முகாமுக்கெல்லாம் பெண்கள் கிளம்பிப் போக முடியாத காலம். அண்ணன் ஒரு வாக்கியத்தை எப்படித் தொடங்குகிறார், எங்கே முடிக்கிறார் என்பது தினமும் அவர் கைவழியாகத்தான் போனது. கு.ப.சேது அம்மாளும் சிறுகதை எழுத்தாளர் ஆனார்.

தஞ்சாவூரில் இன்னொரு உதாரணம், எழுத்தாளர் தஞ்சை ப்ரகாஷ் நடத்திய 'கதைசொல்லிகள்'. பேப்பரைப் பார்த்து வாசிக்காமல், வாயால் கதை சொல்கிற கூட்டம் அது. சொல்லிப் பார்த்தால் கதை எங்கே தொய்கிறது என்று எதிரில் இருப்பவர் முகத்திலேயே தெரிந்துவிடும். யாராவது கொட்டாவி விட்டால், அந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று அர்த்தம்.

ஸ்டேட்டஸுக்கு முன்னால் ஒரு கையெழுத்துப் பத்திரிகை

எழுதினால் மட்டும் போதாது, நாலு பேர் கையில் அது போய்ச் சேர வேண்டும். 1940-களின் தொடக்கத்தில் திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்த மு.கருணாநிதி, 'மாணவ நேசன்' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். 1942 ஆகஸ்ட்டில் 'முரசொலி'யைத் துண்டுப் பிரசுரமாகத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. அவரது அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். இங்கே கவனிக்க வேண்டியது வேறு. 'பெரிய பத்திரிகையில் வந்தால்தான் எழுத்து' என்று அந்தப் பையன் காத்திருக்கவில்லை. கையில் இருந்த பேப்பரில் ஆரம்பித்துவிட்டார். இன்றைக்கு உங்களிடம் இருக்கும் வாட்ஸ்அப் குரூப், அன்றைய கையெழுத்துப் பத்திரிகையைவிட வேகமாகப் போகும்.

சரி, எதைப் பற்றி எழுதுவது?

முகாமுக்கு முதன்முதலாக வருகிறவர்கள் பெரும்பாலும் பார்க்காத ஊரைப் பற்றித்தான் எழுதுவார்கள். மழை பெய்யும் மும்பை, பனி விழும் லண்டன், சீரியல் கில்லர். தப்பில்லை. ஆனால், உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம் வேறு எங்கோ இருக்கிறது.

தலைமடையில் தண்ணீர் வந்துவிட்டது என்று டிவியில் சொல்லும்போது கடைமடையில் இருக்கிற உங்கள் தாத்தா முகம் எப்படி இருக்கும்? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரியில் உங்கள் வீட்டில் யார் என்ன பேசிக்கொண்டார்கள்? நெல்லை ரோட்டில் கொட்டிவைத்துவிட்டு கொள்முதல் நிலையத்தின் வாசலில் காத்திருப்பவர்கள் ராத்திரி எதைப் பற்றிப் பேசுவார்கள்? கூகுளில் தேடினால் செய்தி கிடைக்கும். அந்தப் பேச்சு கிடைக்காது.

திருவாரூர்க்காரரான சோலை சுந்தரபெருமாள் இதற்கு நல்ல சாட்சி. பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டதை மையமாக வைத்து 'செந்நெல்' நாவலை எழுதினார். வயலில் வேலை செய்பவர்கள் பேசுகிற அதே பேச்சை எழுத்தில் கொண்டுவந்தார். நம் ஊர்ப் பேச்சில் இலக்கியம் எழுத முடியுமா என்று இனிமேல் யாராவது கேட்டால், இந்த நாவலைக் காட்டுங்கள்.

'இதையெல்லாம் சாட்ஜிபிடியே எழுதித் தராதா?' எழுதித் தரும், பளபளப்பாகவே தரும். ஆனால், உங்கள் பாட்டி கோபம் வந்தால் எந்த வார்த்தையில் திட்டுவார் என்று அதற்குத் தெரியாது. முதல் டிராஃப்ட்டை நீங்களே எழுதிவிடுங்கள். போனைப் பயன்படுத்த இன்னொரு நல்ல வழி இருக்கிறது. வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் செய்து (கேட்டுக்கொண்டுதான்!) பாட்டியைப் பேசவிடுங்கள்.

முகாமில் சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

* நடத்துபவர் எழுதிய ஏதாவது ஒன்றை நீங்கள் படித்திருக்கிறீர்களா? இல்லையென்றால், முதலில் படியுங்கள். பிடிக்கவில்லையென்றால் ஐந்து நாள் உட்கார முடியாது.
* எத்தனை பேர்? 15, 20 பேர் என்றால் உங்கள் கதையைப் பேச நேரம் இருக்கும். 200 பேர் என்றால் அது சொற்பொழிவு.
* எழுத நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா, சிறப்பு விருந்தினர் பட்டியல்தான் நீளமாக இருக்கிறதா?
* 'உங்கள் கதை புத்தகமாக வரும், ஆனால் தனியாகப் பணம் கட்ட வேண்டும்' என்றால் உஷார். எழுத்தைத் தேர்ந்தெடுக்காமல், கட்டியவர் எல்லோரையும் சேர்க்கும் தொகுப்பால் உங்களுக்குப் பெரிதாகப் பயனில்லை.
* இரவு தங்க வேண்டுமா? தங்குமிடம், பாதுகாப்பு, பொறுப்பாளர் யார் என்று வீட்டில் கேட்பார்கள். முக்கியமாகப் பெண்களின் வீட்டில். பதில் சொல்லத் தயங்கும் முகாமுக்குப் போக வேண்டாம்.

முகாமுக்கு அனுப்ப மாட்டாங்களா? நீங்களே நடத்துங்க!

ஐந்து பேர் போதும். இடம் உங்கள் ஊர்க் கிளை நூலகம். அதுவும் இல்லையா? ஃபேன் ஓடுகிற ஒரு திண்ணை. தினமும் இரண்டு மணி நேரம்.

முதல் நாள்: ஒரு சிறுகதையைச் சத்தமாக வாசியுங்கள். தி.ஜா.வோ, கு.ப.ரா.வோ எதுவானாலும் சரி. எந்த வரியில் நிமிர்ந்து உட்கார்ந்தோம் என்று மட்டும் பேசுங்கள்.

இரண்டாம் நாள்: ஆளுக்கு ஒரு கதையை எழுதாமல் சொல்லுங்கள். பத்து நிமிடம்தான்.

மூன்றாம் நாள்: சொன்னதை எழுதுங்கள். போன்கள் எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும்.

நான்காம் நாள்: மாற்றி மாற்றிப் படியுங்கள். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. 'சூப்பர் மச்சி' என்ற சொல்லுக்குத் தடை. எங்கே புரியவில்லை, எங்கே போரடித்தது, எது மனசில் நின்றது என்று மட்டும் சொல்லுங்கள்.

ஐந்தாம் நாள்: திருத்தி எழுதுங்கள். ஐந்து கதைகளையும் சேர்த்து ஒரு பிடிஎஃப். உங்கள் முதல் கையெழுத்துப் பத்திரிகை ரெடி.

கடைசியாக ஓர் உண்மை

முகாம் முடிந்த மறுநாள் நீங்கள் எழுத்தாளர் ஆகிவிட மாட்டீர்கள். அமெரிக்காவின் பெரிய அறிவியல் புனைகதை எழுத்தாளர்களில் ஒருவரான ஆக்டேவியா பட்லர், 1970-ல் அதே க்ளாரியன் முகாமுக்குப் போனவர். அங்கேயே அவரது முதல் கதைகள் விலைபோயின. வாழ்க்கை மாறிவிட்டது என்றுதானே நினைக்கத் தோன்றும்? அதற்குப் பிறகு ஐந்து வருடம் அவரால் ஒரு கதையைக்கூட விற்க முடியவில்லை. கிடைத்த சின்னச் சின்ன வேலைகளைப் பார்த்துக்கொண்டே எழுதினார். 1976-ல்தான் முதல் நாவல் வந்தது.

அந்த ஐந்து வருடத்தைத் தாண்ட உதவுவது சர்ட்டிஃபிகேட் இல்லை. 'அடுத்த கதை எங்கே?' என்று கேட்கிற இரண்டு நண்பர்கள். கு.ப.ரா.வைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு அது கிடைத்தது. இந்த லீவில் உங்களுக்கும் அப்படி இரண்டு பேர் கிடைத்துவிட்டால், முகாம் சக்சஸ்!