இசுலாமிய நிதி நிறுவனங்களின் செயல்திறனை அளவிடல்: பேராக் தோட்டப்புற அனுபவத்தை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

மலேசியாவில் வட்டியில்லா வங்கிமுறை 1983ஆம் ஆண்டில் சட்ட வடிவம் பெற்றது. அவ்வாண்டு இசுலாமிய வங்கிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சூலைத் திங்களில் பேங்க் இசுலாம் மலேசியா தன் பணியைத் தொடங்கியது. 1993இல் வழக்கமான வங்கிகளும் வட்டியில்லாப் பிரிவுகளை நடத்த இசைவு பெற்றன. 2013இல் பழைய சட்டத்திற்கு மாற்றாக இசுலாமிய நிதிச் சேவைச் சட்டம் நடப்பிற்கு வந்தது. இன்று நாட்டின் வங்கித்துறை வழங்கும் மொத்த நிதியில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி இசுலாமிய முறையில் வழங்கப்படுகிறது.

இந்நிறுவனங்களின் வாடிக்கையாளராக அமைவதற்குச் சமயம் தடையன்று. ஈப்போவில் வாகனம் வாங்கும் இந்திய ஆசிரியரும், சுங்கை சிப்புட்டில் சிறுதொழில் தொடங்கும் முன்னாள் தோட்டத் தொழிலாளியின் மகளும் இவற்றின் ஒப்பந்தங்களில் கையொப்பமிடுகின்றனர். எனவே, இந்நிறுவனங்கள் திறம்பட இயங்குகின்றனவா என்னும் வினா பேராக் மாநிலத் தமிழர்க்கும் உரிய வினாவாகும். அவ்வினாவிற்கு அறிஞர்கள் எவ்வெவ்வாறு விடை காண்கின்றனர் என்பதையும், அவ்விடைகளை நாம் எவ்வாறு படித்தல் வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சேமிப்பும் நோக்கமும்

பேராக் தோட்டப்புற வரலாறும் மலேசிய இசுலாமிய நிதியின் தொடக்கமும் ஓர் அறிஞரின் ஆய்வுகளில் சந்திக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் 1959ஆம் ஆண்டில் புனிதப் பயணம் மேற்கொள்வோரின் பொருளாதார நிலையைச் சீராக்கும் திட்டமொன்றை முன்வைத்தார். வட்டி கலந்துவிடும் என்று அஞ்சிய சிற்றூர் மக்கள் வங்கியை நாடாது பணத்தை வீட்டிலேயே மறைத்து வைத்தனர். பயணக் காலத்தில் நிலத்தையும் கால்நடையையும் விற்றனர். இந்நிலையை மாற்றும் பொருட்டு 1963இல் தோன்றிய சேமிப்பு நிறுவனமே பிற்காலத்தில் தாபோங் ஹாஜி என்னும் பெயர் பெற்றது.

அதே உங்கு அசிஸ், 1951 முதல் 1960 வரை மலாயாவில் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலையும் விரிவாக ஆராய்ந்தார். வெளிநாட்டு நிறுவனங்கள் விற்ற தோட்டங்கள் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டபோது வேலையையும் குடியிருப்பையும் ஒருங்கே இழந்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர் ஆவர். இதற்குத் தீர்வாகச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதம் பத்து வெள்ளி வீதம் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கைப் பெற்றனர். 1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது.

இவ்விரு நிறுவனங்களுள் ஒன்று இசுலாமிய நிறுவனம்; மற்றொன்று அன்று. எனினும் இரண்டும் வசதி குறைந்தோரின் சிறுசேமிப்பைத் திரட்டி, இலாபத்திற்கு அப்பாற்பட்ட ஒரு நோக்கத்தை நிறைவேற்றத் தோன்றியவை. புக்கிட் சிடிம் தோட்டத்தின் வெற்றியை ஈவுத்தொகையைக் கொண்டு மட்டும் கணித்தால், வீட்டை இழக்காமல் தப்பிய குடும்பங்கள் கணக்கிற்குள் வாரா. இசுலாமிய நிதி நிறுவனங்களை அளவிடுவதிலும் இதே சிக்கல் எழுகின்றது.

விகித முறை

செயல்திறன் என்னும் சொல் பொதுவழக்கில் இரு பொருளைத் தருகிறது. அடைந்த பயன் எவ்வளவு என்பது ஒன்று. அதனைச் செயலடைவு எனலாம். அப்பயனை அடைவதற்குச் செலவிட்டது எவ்வளவு என்பது மற்றொன்று. அதனை வினைத்திறன் எனலாம்.

செயலடைவை அளவிட நிதி விகிதங்கள் பயன்படுகின்றன. நிகர இலாபத்தை மொத்தச் சொத்தால் வகுத்தால் சொத்தின் மீதான ஆதாயம் கிட்டும். பங்குதாரர் முதலால் வகுத்தால் முதலின் மீதான ஆதாயம் கிட்டும். உடனடியாகப் பணமாக்கத்தக்க சொத்து எவ்வளவு, வழங்கிய நிதியில் திரும்பி வாராதது எவ்வளவு என்பனவும் கணிக்கப்படும்.

அப்துஸ் சமாட், கபீர் ஹசான் ஆகிய இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இம்முறைக்குத் தக்க சான்றாகும். 1984 முதல் 1997 வரையிலான பேங்க் இசுலாமின் கணக்குகளை அவர்கள் எட்டு வழக்கமான வங்கிகளின் கணக்குகளோடு ஒப்பிட்டனர். அவ்வங்கி இலாபத்தில் முன்னேறியிருந்தது. ஏனையவற்றைவிட இடர் குறைந்ததாகவும் இருந்தது. இலாபம், நீர்மை, இடர் ஆகியவற்றோடு சமுதாயத்திற்கு அவ்வங்கி ஆற்றிய கடப்பாட்டையும் அவர்கள் அளவிட முயன்றமை குறிப்பிடத்தக்கது. அதற்கென அவர்கள் எடுத்துக்கொண்ட விகிதங்களுள் ஒன்று, மொத்த நிதியளிப்பில் முதாரபா, முஷாரகா ஒப்பந்தங்களின் பங்காகும். முதாரபாவில் ஒருவர் முதலிடுவார், மற்றவர் உழைப்பார்; முஷாரகாவில் இருவரும் முதலிடுவர். இரண்டிலும் இலாபம் பகிரப்படும். நட்டத்தை முதலிட்டோர் ஏற்பர். வட்டிக்கு மாற்றாகக் கோட்பாட்டாளர்கள் போற்றிய வடிவங்கள் இவையே. ஆனால், நடைமுறையில் இவற்றின் பங்கு மிகச் சிறிதாகவே இருந்தது. பொருளை இலாபம் சேர்த்துத் தவணைக்கு விற்கும் முராபஹா போன்ற விற்பனை ஒப்பந்தங்களே அன்றும் இன்றும் பெரும்பகுதியாக உள்ளன.

எல்லைக்கோட்டு முறை

வினைத்திறனை அளவிட ஆய்வாளர்கள் பெரிதும் கையாள்வது 'டேட்டா என்வெலப்மென்ட் அனாலிசிஸ்' எனப்படும் கணித முறையாகும். சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் ஆகிய மூவர் 1978இல் இதனை வகுத்தனர். இக்கட்டுரை இதனை எல்லைக்கோட்டு முறை எனக் குறிக்கின்றது. மலேசிய இசுலாமிய வங்கிகளை இம்முறையில் ஆராய்ந்தோருள் ஃபட்சிலான் சுஃபியான் குறிப்பிடத்தக்கவர்.

இம்முறையை ஒரு கற்பனைக் கணக்கின்வழி விளக்கலாம். ஒரு வங்கிக்கு மூன்று கிளைகள் உள்ளன எனக் கொள்வோம். ஈப்போ கிளை ஓர் ஊழியருக்கு இருபது இலட்சம் ரிங்கிட் நிதி வழங்கி, 20 வாடிக்கையாளர்க்குச் சேவையாற்றுகிறது. சுங்கை சிப்புட் கிளை ஓர் ஊழியருக்குப் பத்து இலட்சம் ரிங்கிட் வழங்கி, 50 வாடிக்கையாளர்க்குச் சேவையாற்றுகிறது. தைப்பிங் கிளை ஓர் ஊழியருக்குப் பத்து இலட்சம் ரிங்கிட் வழங்கி, 20 வாடிக்கையாளர்க்குச் சேவையாற்றுகிறது.

வழங்கிய தொகையை மட்டும் விளைவாகக் கொண்டால், ஈப்போ நூறு விழுக்காடும் சுங்கை சிப்புட் ஐம்பது விழுக்காடும் பெறும். வாடிக்கையாளர் எண்ணிக்கையை மட்டும் கொண்டால், சுங்கை சிப்புட் நூறு பெறும். ஈப்போ நாற்பதாகத் தாழும். இரண்டையும் சேர்த்துக் கொள்ளும்போது இவ்விரு கிளைகளும் எல்லைக்கோட்டின்மேல் நின்று, இரண்டுமே நூறு விழுக்காடு பெறும். தைப்பிங் கிளையோ கோட்டிற்கு உள்ளே நிற்கும். ஈப்போவின் முறையில் ஆறு பங்கும் சுங்கை சிப்புட்டின் முறையில் நான்கு பங்கும் கலந்த ஒரு கிளை, ஓர் ஊழியருக்குப் பதினாறு இலட்சம் ரிங்கிட்டும் 32 வாடிக்கையாளரும் என இயங்கும். அதனோடு ஒப்பிட, தைப்பிங் கிளையின் மதிப்பெண் 62.5 விழுக்காடாகும்.

இக்கணக்கிலிருந்து இரு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, மதிப்பெண் ஒப்பீட்டளவிலானது. எல்லா வங்கிகளும் தளர்ந்திருப்பினும் அவற்றுள் ஒன்றேனும் நூறு விழுக்காடு பெற்றே தீரும். இரண்டாவதாக, எதனை விளைவாகக் கொள்வது என்பதை ஆய்வாளரே முடிவு செய்கிறார். சிறிய தொகையைப் பலருக்கு வழங்கும் தோட்டப்புறக் கிளை திறனற்றது என்று ஓர் அறிக்கை கூறினால், வாடிக்கையாளர் எண்ணிக்கை அதில் இடம்பெற்றதா என்று வினவுதல் வேண்டும். அவ்வினா எழுப்பப்படாவிடில், அக்கிளையை மூடுவதற்கு அவ்வறிக்கையே காரணமாகக் காட்டப்படலாம்.

நோக்கத்தை அளவிடல்

இக்குறையை நீக்கும் முயற்சியாக 2008இல் முஸ்தபா ஒமார் முகமது, சுல்யாஸ்திரி அப்துல் ரசாக், ஃபௌசியா முகமது தாயிப் ஆகியோர் ஓர் அளவுகோலை முன்வைத்தனர். மகாசித் எனப்படும் இசுலாமியச் சட்டத்தின் குறிக்கோள்களை அவர்கள் அடிப்படையாகக் கொண்டனர். தனிமனிதரைப் பயிற்றுவித்தல், நீதியை நிலைநாட்டல், பொதுநலம் பேணல் ஆகிய மூன்றும் அளவிடத்தக்க விகிதங்களாக மாற்றப்பட்டன. மூன்றனுள் நீதிக்கே மிகுந்த நிறை வழங்கப்பட்டது. பேங்க் நெகாரா மலேசியா 2018இல் வெளியிட்ட விழுமியம்சார் இடையீட்டுக் கொள்கையும் சமுதாயத்திற்கும் சுற்றுச்சூழலுக்கும் விளையும் பயனை வங்கிகள் கருதுமாறு வலியுறுத்துகிறது.

ஆயினும், நோக்கம் உயர்ந்ததாக இருப்பதால் நிதி விகிதங்களைப் புறந்தள்ளிவிட இயலாது. பேங்க் இசுலாம் 2006 சூனில் முடிந்த நிதியாண்டில் ஏறத்தாழ 1.3 பில்லியன் ரிங்கிட் இழப்பை அறிவித்தது. வாரா நிதியே அதற்குத் தலையாய காரணம். புதிய முதலீட்டாளரின் மூலதனத்தால் அது பின்னர் மீண்டது. தாபோங் ஹாஜி பல்லாண்டுகள் நல்ல ஈவு வழங்கி வந்தது. எனினும், 2017 இறுதியில் அதன் பொறுப்புகள் சொத்துகளை விஞ்சி 4.1 பில்லியன் ரிங்கிட் பற்றாக்குறை இருந்ததாக 2018 டிசம்பரில் அரசு அறிவித்தது. அதனைச் சீரமைக்க 19.9 பில்லியன் ரிங்கிட் மதிப்பிலான சொத்துகள் உருசார்த்தா ஜமாஆ என்னும் நிறுவனத்திற்கு மாற்றப்பட்டன. சேமிப்பாளர் நோக்கிய அளவுகோல் ஆண்டு ஈவு ஒன்றே. சொத்து பொறுப்பிற்கு ஈடாக உள்ளதா என்னும் அடிப்படை விகிதம் அவர்தம் பார்வைக்கு எட்டவில்லை.

பேராக் தமிழர்க்குரிய வினாக்கள்

1954இல் கூட்டுறவு வங்கியாகத் தோன்றிய பேங்க் ராக்யாட், 1993 முதல் படிப்படியாக இசுலாமிய முறைக்கு மாறியது. 2024இல் இந்தியத் தொழில்முனைவோர்க்கென 50 மில்லியன் ரிங்கிட் நிதியளிப்புத் திட்டத்தை அது அறிவித்தது. அதே ஆண்டில் அமானா இக்தியார் மலேசியா இந்தியப் பெண் தொழில்முனைவோர்க்கு 50 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கியது.

இத்தகு திட்டங்களின் வெற்றி பெரும்பாலும் வழங்கிய தொகையாலும் திரும்பச் செலுத்தப்பட்ட விழுக்காட்டாலும் அறிவிக்கப்படுகிறது. அவை தேவையான எண்களே. ஆனால், தவணையைத் தவறாது செலுத்திய பெண்ணொருத்தி அதனைத் தொழில் வருவாயிலிருந்து செலுத்தினாளா, நகையை அடகு வைத்துச் செலுத்தினாளா என்பதை அவ்விழுக்காடு கூறாது. எனவே, ஈராண்டிற்குப் பின் அவள் வருமானம் உயர்ந்ததா, ஈப்போ நகரத்திற்கு அப்பால் முன்னாள் தோட்டங்களிலிருந்து விண்ணப்பித்தோர் எத்தனை பேர், அவர்களுள் நிராகரிக்கப்பட்டோர் எத்தனை பேர் என்பனவும் கணக்கில் சேர்தல் வேண்டும்.

முடிவுரை

இசுலாமிய நிதி நிறுவனங்களின் செயல்திறனை ஒற்றை எண்ணால் அளவிடல் இயலாது. நிதி விகிதங்கள் நிறுவனத்தின் உறுதியைக் காட்டுகின்றன. எல்லைக்கோட்டு முறை வளங்கள் வீணாவதைக் காட்டுகிறது. மகாசித் அளவுகோல் நிறுவனம் எதற்காகத் தோன்றியதோ அதனை நிறைவேற்றுகின்றதா என்று வினவுகிறது. இம்மூன்றனுள் முதலாவதை விட்டால் ஏழையரின் சேமிப்பு அழிய நேரும். இறுதியானதை விட்டால் அச்சேமிப்பு பிறர்க்கே பயன்படும். மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டம் வாங்கிய தலைமுறையின் வழித்தோன்றல்கள் இவ்விரு வினாக்களையும் கேட்கும் உரிமை உடையவர்கள். தோட்டப்புற இந்தியரின் நிதி அனுபவத்தை ஆராயப்போகும் மாணவர்கள் மேற்கூறிய தரவுகளைப் பேராக்கின் ஓர் ஊரிலேனும் திரட்டத் தொடங்கினால், அது பயனுள்ள ஆய்வாக அமையும்.