எண்ணெய் கறுத்தால் பயமா?

புது என்ஜின் எண்ணெய் தேன் நிறத்தில் இருக்கும். கொஞ்ச நாள் ஓடினால் மை போல் கறுத்துவிடும். டீசல் லாரியில் இன்னும் சீக்கிரம் கறுக்கும்.

"ஐயையோ, எண்ணெய் கெட்டுவிட்டதே!" என்று பலர் பதறுவார்கள். பதற வேண்டாம். எண்ணெய் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்!

டப்பாவில் இருப்பது வெறும் எண்ணெய் அல்ல. பல ரசாயன மருந்துகள் அதில் கலந்திருக்கின்றன.

ஒட்டிக்கொண்ட ரிங்

1930-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில் டீசல் டிராக்டர்களுக்கு ஒரு தொல்லை வந்தது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள், கரி பிடித்து ஒட்டிக்கொண்டன. சாதாரண எண்ணெய் பயன்படவில்லை. சோப்பு போன்ற ஒரு பொருளை எண்ணெயில் கலந்தார்கள். தொல்லை குறைந்தது.

இப்போது கால்சியம், மெக்னீசிய உப்புகள் அந்த வேலையைச் செய்கின்றன. எரிபொருள் எரிவதால் உண்டாகும் அமிலத்தையும் அவை முறிக்கின்றன. இன்னொரு மருந்து, கரித்தூள்களை ஒன்று சேரவிடாமல் எண்ணெயிலேயே மிதக்க வைக்கிறது. எண்ணெய் கறுப்பது அதனால்தான். அந்தக் கரி உள்ளே படிந்தால் எண்ணெய் வெளுப்பாக இருக்கும். என்ஜின் பாழாகிவிடும்!

கண்ணாடித் தோல்

துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் மூன்றும் சேர்ந்த மருந்து ஒன்று உண்டு. 1940-ம் ஆண்டுகளில், பேரிங்குகளை அரிப்பிலிருந்து காக்கத்தான் அதைச் சேர்த்தார்கள். தேய்மானத்தையும் அது தடுக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது!

இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் அழுத்தமும் சூடும் அதிகம். அங்கே இந்த மருந்து சிதைந்து, கண்ணாடி போன்ற தோலாகப் படிகிறது. அதன் கனம், ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். இரும்புக்குப் பதிலாக அந்தத் தோல் தேயும். தேய்ந்த இடத்தில் புதுத்தோல் படியும்.

நிறையச் சேர்த்தால் என்ன?

கூடாது. பாஸ்பரஸ் புகையோடு போய், காரின் புகையைச் சுத்தப்படுத்தும் கருவியைக் கெடுக்கும். அதனால் 2004-ல் வந்த ஒரு தரவிதி, கார் எண்ணெயில் பாஸ்பரசை 0.08 சதவீதத்துக்குள் நிறுத்தியது. மேலும், மருந்துகளில் பல இரும்பின்மேல் இடம்பிடிக்கப் போட்டி போடுகின்றன. ஒன்று மிஞ்சினால் மற்றதற்கு இடம் இல்லை. தனிப் புட்டி வாங்கி ஊற்றுவது வீண் செலவு.

மருந்துகள் நாளாக ஆகத் தீர்ந்துபோகும். எனவே, நிறத்தைப் பார்க்காமல், வண்டியோடு வந்த புத்தகம் சொல்லும் கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றவேண்டும்.

பயப்பட வேண்டிய நிறமும் ஒன்று உண்டு. எண்ணெய் பால் விட்ட காபி போல இருந்தால், தண்ணீர் கலந்திருக்கலாம். வண்டியை ஓட்டாமல், உடனே மெக்கானிக்கிடம் காட்டவேண்டும்.