எல்லோர் கையிலும் முழுப் பிரதி

ஒரு மென்பொருளின் ஒரே கோப்பை ஹெல்சிங்கியில் ஒருவரும் பெங்களூரில் ஒருவரும் ஒரே நாளில் திருத்துகிறார்கள். இரண்டு திருத்தங்களும் தேவையானவை. எதை ஏற்பது, இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? பலர் கூடி நிரல் எழுதத் தொடங்கிய காலத்திலிருந்தே இருக்கும் சிக்கல் இது. ஒருவரையொருவர் பார்த்தேயிராத ஆயிரக்கணக்கான நிரலாளர்கள் இன்று இணையம் வழியாகச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்றால், இந்தச் சிக்கலைத் தீர்த்த ஒரு கருவிக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அதன் பெயர் கிட்.

கிட் பிறந்தது லினக்ஸ் வீட்டில். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் முதல் பதிப்பு ஏறத்தாழ 10,000 வரிதான். அதை எடுத்துப் பார்த்தவர்கள் பிழைகளைத் திருத்தினார்கள், புதிய வசதிகளைச் சேர்த்தார்கள். முழுக் கோப்பையும் அனுப்பத் தேவையிருக்கவில்லை. மாறிய வரிகளை மட்டும் பிரித்தெடுக்க டிஃப் என்ற நிரல் 1970-களிலேயே வந்துவிட்டது. அவற்றை மூல நிரலில் பொருத்தும் பேட்ச் என்ற நிரலை லாரி வால் 1985-இல் எழுதியிருந்தார். அந்தச் சிறு துண்டுகள் மின்னஞ்சலில் டோர்வால்ட்ஸுக்குப் போகும். அவர் படித்துப் பார்த்துச் சேர்ப்பார்.

கூட்டம் பெருகியதும் அந்த ஒரு மனிதரால் ஈடுகொடுக்க முடியவில்லை. நல்ல திருத்தங்கள் கவனிக்கப்படாமல் போயின. அனுப்பியவர்கள் மறுபடி மறுபடி அனுப்பினார்கள். 2002-இல் கெர்னல் நிரலாளர்கள், மாற்றங்களைப் பதிந்து நிர்வகிக்கும் பிட்கீப்பர் என்ற வணிக மென்பொருளைக் கட்டணமில்லாமல் பயன்படுத்தத் தொடங்கினார்கள். வேலை வேகம் பிடித்தது. ஆனால் சுதந்திர மென்பொருள் ஒன்றை மூடிய மென்பொருளின் தயவில் வைத்திருப்பது சிலருக்கு உறுத்தலாகவே இருந்தது. பிட்கீப்பர் உள்ளே எப்படிப் பேசிக்கொள்கிறது என்று ஒருவர் ஆராயப்போக, அதையொட்டிய தகராறில் 2005-இல் அந்த இலவச ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

மாற்றாக, அப்போது புழக்கத்திலிருந்த சிவிஎஸ் போன்ற கருவிகளில் மொத்த வரலாறும் ஒரே சர்வரில் இருக்கும். அதில் எழுத அனுமதி உள்ளவர்கள் சிலர், இல்லாதவர்கள் பலர். தொழில்நுட்பக் குறையைவிட இந்தப் பிரிவினைதான் பெரிய குறை என்பது என் கருத்து. அனுமதி யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சிலேயே ஒரு குழுவின் நட்பு கெட்டுவிடும்.

டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல் 3 அன்று சொந்தமாக ஒரு கருவியை எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 7 அன்று கிட்டின் நிரலே கிட்டுக்குள் சேமிக்கப்பட்டது. ஏப்ரல் 16 அன்று லினக்ஸ் அதற்குள் வந்தது. இந்த வேகத்தைத்தான் பலரும் வியந்து சொல்வார்கள். எனக்கு அதற்கு நிகராகப் படுவது ஜூலையில் நடந்தது: கருவியின் பொறுப்பை அவர் ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்துவிட்டுக் கெர்னலுக்குத் திரும்பிவிட்டார். அன்று முதல் அதைப் பொறுமையாகச் செப்பனிட்டு வளர்த்தவர் ஹமானோ.

கிட் எப்படி வேலை செய்கிறது? ஒரு கோப்பின் உள்ளடக்கத்தை அது எஸ்ஹெச்ஏ-1 என்ற கணக்கீட்டுக்குள் செலுத்தி, 40 எழுத்துள்ள ஓர் அடையாளத்தைப் பெறுகிறது. உள்ளடக்கத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அடையாளம் முற்றிலும் வேறாகிவிடும். ஒரு தருணத்தில் எந்தெந்தக் கோப்புகள் எந்த நிலையில் இருந்தன என்ற பட்டியலுக்கும் இதேபோல் ஓர் அடையாளம். அந்தப் பட்டியலோடு எழுதியவர் பெயர், நேரம், மாற்றத்துக்கான காரணம், முந்தைய நிலையின் அடையாளம் ஆகியவற்றைச் சேர்த்துப் பதிவதே கமிட். நிலப் பத்திரத்தில் தாய்ப்பத்திரத்தின் எண்ணைக் குறிப்பிடுவதைப் போல, ஒவ்வொரு கமிட்டும் தனக்கு முந்தையதைச் சுட்டுகிறது. பழைய கமிட் ஒன்றை யாராவது திருத்தினால் அதற்குப் பின் வந்த அத்தனை அடையாளங்களும் மாறி, குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதனால் வரலாற்றை ஒரே இடத்தில் வைத்துக் காவல் காக்க வேண்டியதில்லை. நகல் எடுக்கும் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும். யாரிடமும் கேட்காமல் தன் கணினியில் தனிக் கிளை பிரித்துச் சோதிக்கலாம். கிளை என்பது ஒரு கமிட்டின் அடையாளத்தை எழுதி வைத்த சிறு கோப்புதான். ஆயிரம் பிரித்தாலும் செலவில்லை. சேர்க்கும்போது, இரு கிளைகளும் பிரிந்த பொது மூதாதையைக் கிட் கண்டுபிடித்து மூன்றையும் ஒப்பிடுகிறது. வேறு வேறு இடங்களில் நடந்த மாற்றங்களைத் தானே இணைக்கிறது. ஒரே இடத்தில் மோதினால் மனிதரைக் கூப்பிடுகிறது. இன்னொன்றும் உண்டு: திருத்தத்தை எழுதியவர் பெயரும் அதைச் சேர்த்தவர் பெயரும் தனித்தனியே பதிவாகின்றன. முதன்முதலாக ஒரு வரி திருத்திய கல்லூரி மாணவியின் பெயரும் அந்த வரலாற்றில் நிலைத்துவிடும். சம்பளமில்லாமல் உழைக்கும் ஒருவருக்கு இதன் மதிப்பு அதிகம்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்து பழக வேண்டிய இந்தக் கருவிக்கு, எல்லோரும் கூடும் சந்தைமேடு ஒன்றை 2008 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து தொடங்கியது கிட்ஹப் நிறுவனம். பிறர் திட்டத்தை ஒரு சொடுக்கில் தன் கணக்குக்கு நகலெடுப்பது, திருத்திவிட்டு 'இதை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று புல் ரிக்வெஸ்ட் அனுப்புவது, வரிக்கு வரி விவாதிப்பது எல்லாம் உலாவியிலேயே நடந்தன. 2018-இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு அதை வாங்குவதாக அறிவித்தது. 2023 ஜனவரியில் பயனர் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியதாக கிட்ஹப் தெரிவித்தது.

விற்பனைச் செய்தி வந்தபோது சிலர் தங்கள் திட்டங்களை கிட்லேப் போன்ற வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். நிரலும் அதன் முழு வரலாறும் அவரவர் கணினியிலேயே இருந்ததால் அந்தப் பகுதி எளிதாக முடிந்தது. ஆனால் பிழை அறிக்கைகளும், ஒரு திருத்தம் ஏன் ஏற்கப்பட்டது, ஏன் மறுக்கப்பட்டது என்ற நீண்ட விவாதங்களும் கிட்டுக்குள் இல்லை. அவை நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. இறக்கிக்கொள்ள வழி இருந்தாலும் அதை மெனக்கெட்டுச் செய்ய வேண்டும். நிரல் இப்படி இருப்பதற்கான காரணம் பெரும்பாலும் அந்த விவாதங்களில்தான் இருக்கிறது. ஒரு திட்டத்தைப் பொறுப்பேற்று நடத்துபவர்கள், நிரலுக்குக் கிட் தந்த பாதுகாப்பை அந்தப் பேச்சுகளுக்கும் தர வேண்டும். முறையாக நகலெடுத்துத் தங்களிடமும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.