முகத்தில் விழும் வெளிச்சம்

காசுக்கு நான் படம் பிடித்த முதல் இடம் ஒரு சாமத்திய வீடு. கண்டி நகரத்துக்கு வெளியே, ஒரு தோட்டத்து லயத்தில். கமராவோடு சேர்ந்திருந்த சின்ன பிளாஷை நம்பி எல்லாப் படத்தையும் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், பிள்ளையின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறிப்போயிருந்தது. பின்சுவரில் கறுப்பு நிழல்.

அந்தக் குடும்பம் வன்னியிலிருந்து திரும்பி வந்தது. தாய் என்னை ஏசவில்லை. “அங்க இருந்த படம் ஒன்றுமே மிஞ்சல. இதாவது இருக்கட்டும் தங்கச்சி” என்றார். அந்தச் சொல்தான் என்னை வெளியில் பூட்டும் பிளாஷ் ஒன்று தேட வைத்தது. தொழில் தொடங்க நினைக்கும் சகோதரிகளுக்காக, நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, பிளாஷின் தலை மேலும் பக்கவாட்டிலும் திரும்புமா என்பதே. வெளிச்சத்தை நேரே முகத்தில் அடிக்காமல் வெள்ளைக் கூரையில் அடித்தால், அது பரவி மெதுவாகக் கீழே இறங்கும். லயத்து வீட்டில் புகை படிந்த தகரம்தான் கூரை. அது வெளிச்சத்தை விழுங்கிவிடும். அங்கே ஒரு வெள்ளை பிறிஸ்டல் போர்டைப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, அதில் அடிப்பேன்.

இரண்டாவது, வெளிச்சத்தின் அளவை யார் தீர்மானிப்பது? ‘ரி.ரி.எல்.’ வகையில் கமராவே அளந்துகொள்ளும். மற்ற வகையில் நாமே கூட்டிக் குறைக்க வேண்டும். கொடொக்ஸ் ரிரி685 முதல் வகை, ரிரி600 இரண்டாம் வகை, இரண்டாவது மலிவு. ஆட்கள் நடமாடும் சடங்கு வீட்டுக்கு முதல் வகை வசதி. ஆறுதலாக இருந்து பழக இரண்டாவது போதும்.

மூன்றாவது, நம் கமராவுக்குப் பொருந்துமா? கெனனுக்குச் செய்த ரி.ரி.எல். பிளாஷ் நிக்கோனில் தானாக அளக்காது. கமராவில் பிளாஷ் பூட்டும் இடத்தின் நடுவில் ஓர் உலோகப் புள்ளி இருக்கும். ரிரி600 போன்றவை அதன் மூலமே எரியும். கெனன் 1500டி, 200டி மார்க் 2 போன்ற சிலவற்றில் அந்தப் புள்ளி இல்லை. ஆகவே கமராவையும் கடைக்குக் கொண்டுபோய்ப் பூட்டிப் பாருங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் வழிகாட்டி எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 100இல் அந்த எண் 40 என்றால், எஃப் 4இல் வெளிச்சம் 10 மீற்றர் எட்டும். எஃப் 8இல் 5 மீற்றர்தான். பிளாஷின் தலையை 200 மில்லிமீற்றர் தூரத்துக்குக் குவித்து அளந்த எண்ணைப் பெரிதாகப் போடுவார்கள். கூரையில் அடித்தால் எட்டும் தூரம் இன்னும் குறையும்.

பழைய பிலிம் காலத்து பிளாஷ் சிலவற்றின் மின்னழுத்தம் டிஜிட்டல் கமராவைப் பழுதாக்கிவிடும். மலிவு என்று வாங்காதீர்கள். திரும்பச் சார்ஜ் செய்யும் பென்ரோச் பற்றரி எட்டு வைத்திருங்கள். நான்கு பிளாஷுக்குள், நான்கு பைக்குள்.

இதற்காகக் கடன்பட வேண்டாம். காசு சேரும்வரை யன்னல் வெளிச்சம் இருக்கிறது. ஜூலியா மார்கரெட் கமரன் 1863இல், 48 வயதில்தான் கமராவைக் கையில் எடுத்தார். பகல் வெளிச்சத்திலேயே முகங்களைப் படம் பிடித்துப் புகழ்பெற்றார். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் மலையகத்திலேயே காலமானார். அவரது கல்லறை பொகவந்தலாவையில் உள்ள சென் மேரிஸ் தேவாலயத்தில் இருக்கிறது.

பிளாஷ் வாங்கிய பிறகும் அதை அணைக்க வேண்டிய இடங்கள் உண்டு. எசல பெரஹராவில் தீப்பந்தத்தின் செம்மைதான் அழகு. பிளாஷ் அதைக் கொன்றுவிடும். யானையின் கண்ணில் அடிப்பது ஆபத்தும்கூட.

அடுத்த தைப்பொங்கலுக்கு அந்த லயத்து வீட்டுக்கே போனேன். தாயையும் மகளையும் வாசலில் இருத்தி, பிறிஸ்டல் போர்டில் வெளிச்சத்தை அடித்து ஒரு படம் எடுத்தேன். இருவரின் முகமும் அவர்களின் நிறத்திலேயே வந்திருந்தது. அதற்குக் காசு வாங்கவில்லை.