குதிரைக்கு நாடி பார்ப்பவர்கள்

2024 செப்டம்பர் 7 அன்று பிரான்ஸின் மோன்பாசியே என்ற சிற்றூரில், 160 கிலோமீட்டர் தூரத்தைக் குதிரை மேல் கடந்து எல்லைக்கோட்டைத் தொட்டார் நிதா அஞ்சும் சேலாட். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் உள்ள திரூர்தான் சொந்த ஊர், வளர்ந்தது துபாயில். குதிரையின் பெயர் பெட்ரா டெல் ரே. ஆன நேரம் 10 மணி 23 நிமிடம். கிடைத்தது 17ஆவது இடம். அதற்கு முந்தைய ஆண்டு, அதே பிரான்ஸின் காஸ்தெல்சாக்ராவில் இளையோருக்கான உலகப் போட்டியில் எப்சிலான் சலூ என்ற குதிரையோடு 120 கிலோமீட்டரை 7 மணி 29 நிமிடத்தில் முடித்திருந்தார். இரண்டு உலகப் போட்டிகளையும் முழுசாக ஓட்டி முடித்த முதல் இந்தியர் அவர்தான்.

பதினேழாவது இடத்துக்கு இத்தனை கொண்டாட்டமா என்று கேட்கத் தோன்றும். கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். மோன்பாசியேயில் கிளம்பிய குதிரைகளில் பாதிக்கு மேல் கடைசிவரை வந்து சேரவே இல்லை. பெரும்பாலானவை விழுந்து நின்றவை அல்ல, நிறுத்தப்பட்டவை. இந்தப் பந்தயத்தின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது: நிறுத்துகிறவர்கள் யார், அவர்களுக்கு அந்த அதிகாரம் எப்படி வந்தது?

எண்டூரன்ஸ் எனப்படும் இந்த நெடுந்தூரக் குதிரை ஓட்டம் பல சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். சுற்றுகள் பெரும்பாலும் முப்பது, நாற்பது கிலோமீட்டர் போகும். சுற்று முடிந்து குதிரை உள்ளே நுழைந்ததும் ஓட்டி வந்தவர் இறங்கிவிடுவார். காத்திருக்கும் கூட்டாளிகள் பாய்ந்து வந்து சேணத்தைக் கழற்றுவார்கள். கழுத்திலும் கால்களிலும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரைக் கொட்டுவார்கள். கொட்டிய தண்ணீரைக் கையோடு வழித்தும் விடுவார்கள். உடம்புச் சூட்டில் அந்தத் தண்ணீரும் சூடாகி மேலேயே தங்கிவிட்டால் குளிர்ச்சிக்குப் பதில் கம்பளி போர்த்தியது போல ஆகிவிடும் என்பது பழைய நம்பிக்கை. பிறகு மெல்ல நடத்திக்கொண்டு போய் வெட் கேட் என்ற மருத்துவச் சோதனை வாசலில் நிறுத்துவார்கள்.

அங்கே ஒருவர் குதிரையின் இடது முழங்கைக்குச் சற்றுப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கடிகாரத்தைப் பார்க்கிறார். சின்னப் போட்டிகளில் பதினைந்து விநாடிக்கு எண்ணி நாலால் பெருக்குவது வழக்கம். சும்மா நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு முப்பது, நாற்பது தடவைதான் துடிக்கும். ஓடி வந்த குதிரை, வந்த 15 நிமிடத்துக்குள் 64க்கு இறங்கியாக வேண்டும் என்பது பல காலமாக இருந்துவரும் வரம்பு. வெயிலையும் ஈரப்பதத்தையும் பொறுத்து அதை இன்னும் குறைப்பதும் உண்டு. பதினைந்து விநாடியில் 16 துடிப்பு வந்தால் தேறியது. 17 வந்தால் இல்லை. லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய குதிரை, பல மாதப் பயிற்சி, விமானம் ஏற்றிக் கொண்டுவந்த செலவு எல்லாம் அந்த ஒரே ஒரு துடிப்பில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

நாடி தேறிய பிறகு கால்நடை மருத்துவரின் முறை. ஈறை விரலால் அழுத்தி விட்டு, வெளுத்த இடத்தில் ரத்தம் எத்தனை விரைவில் திரும்புகிறது என்று பார்ப்பார். தோலைக் கிள்ளி விட்டு, மடிப்பு உடனே படிகிறதா என்று கவனிப்பார். படியாவிட்டால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று அர்த்தம். வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் குடல் சத்தம் கேட்பார். கடைசியாகச் சுமார் நாற்பது மீட்டர் தூரம் குதிரையைக் கையில் பிடித்து ஓட்டிக் காட்டச் சொல்வார். லேசாக நொண்டினாலும் ஆட்டம் முடிந்தது. இடைச் சுற்றுகளில் பந்தயக் கடிகாரம்கூட, குதிரை வந்து நின்றதும் நிற்பதில்லை. நாடி இறங்கி வாசலில் ஒப்படைக்கும்போதுதான் நிற்கிறது. விரட்டிக்கொண்டு வந்தவர் பத்து நிமிடம் காத்துக் கிடப்பார். நிதானமாக வந்தவர் நேரே உள்ளே போவார்.

மருத்துவர்களுக்குச் சம்பளம் உண்டு. நாடி எண்ணுகிறவர், அட்டையில் குறிப்பவர், நேரம் பார்ப்பவர், தொட்டியில் தண்ணீர் நிரப்புபவர், முந்தின வாரமே காட்டுக்குள் போய் மரங்களில் ரிப்பன் கட்டி வழி காட்டுபவர் எனப் பலரும் சும்மா வந்தவர்கள்தான். அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்கான ஏஇஆர்சி என்ற சங்கம் 1972இல் தொடங்கியது. ‘முடித்தாலே வெற்றி’ என்பது அவர்களுடைய முழக்கம். அங்கே இந்த வாரம் குதிரைக்கு உடம்பு சரியில்லாதவர் அடுத்தவர் போட்டியில் ஸ்டெதாஸ்கோப் பிடிப்பார். வயதாகிச் சேணம் ஏற முடியாதவர் சமையல் கொட்டகையில் இருப்பார். முந்தின இரவே எல்லாரும் குதிரைகளோடு வந்து முகாம் போட்டுவிடுவார்கள். அன்றைய வழி விளக்கக் கூட்டமும் சாப்பாடும் ஒன்றாகவே நடக்கும். கூட்டத்தின் கடைசியில், எல்லாருக்கும் பின்னால், டிராக் ரைடர் என்ற ஒருவர் குதிரையில் வருவார். யாரும் வழியில் தங்கிவிடவில்லை என்று உறுதி செய்வதைத் தவிர அவருக்கு வேறு வேலை கிடையாது. அவருக்கு எந்தக் கோப்பையும் கிடையாது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு தொடக்கம் உண்டு. 1955இல் கலிஃபோர்னியாவின் ஆபர்ன் நகரத்துக்காரர் வெண்டல் ராபி, இன்றைய குதிரையும் ஒரே நாளில் நூறு மைல் போகும் என்று நிரூபிக்க, இன்னும் சிலரோடு டாஹோ ஏரிப் பக்கமிருந்து மலைகளைத் தாண்டி ஆபர்னுக்கு வந்து சேர்ந்தார். டெவிஸ் கோப்பை என்ற பெயரில் அந்தச் சவாரி இன்றும் நடக்கிறது. 24 மணி நேரத்துக்குள் முடித்தவருக்கு ஒரு வெள்ளி பக்கிள் பரிசு. முதல் பத்து இடங்களுக்குள் வந்த குதிரைகளில் மறுநாளும் நல்ல நிலையில் நிற்கும் ஒன்றுக்கு ஹாகின் கோப்பை தனியாகத் தருகிறார்கள். முதலில் வந்ததைவிட இதை உயர்வாக நினைக்கும் ஓட்டிகள் நிறையப் பேர். செல்போன் சிக்னல் கிடைக்காத அந்தப் பள்ளத்தாக்குகளில் எந்த எண் குதிரை எந்த இடத்தைத் தாண்டியது என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருப்பவர்கள் ஹாம் ரேடியோ ஆர்வலர்கள்.

இதே டெவிஸில்தான் 1974இல் கார்டி ஐன்ஸ்லி என்பவர் குதிரை இல்லாமல் தன் காலை நம்பி ஓடக் கிளம்பினார். முந்தைய ஆண்டு அவருடைய குதிரை நடுவழியில் நொண்டிவிட்டது. இந்த முறை நூறு மைலையும் தானே ஓடி, 24 மணி நேரத்துக்குப் பதினெட்டு நிமிடம் மிச்சம் வைத்து வந்து சேர்ந்தார். உலகம் முழுக்க இன்று பரவியிருக்கும் மலைப்பாதை அல்ட்ரா மாரத்தான்கள் பலவற்றுக்கு இதுவே விதை. அதிலிருந்து பிறந்த வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்தில், குதிரைக்கு வைத்த சோதனையை மனிதருக்கும் வைத்தார்கள். பல ஆண்டுகள், ஓடுகிறவர்களை வழியில் நிறுத்தி எடை பார்த்தார்கள்; அளவுக்கு மேல் குறைந்திருந்தால் ஓட விடுவதில்லை. நடுக்காட்டில் தராசோடு உட்கார்ந்திருந்தவர்களும் தன்னார்வலர்களே.

இப்படிப்பட்ட ஏற்பாடுகள் சரியாக அமையாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் ட்ரயான் நகரில் நடந்த உலகக் குதிரை விளையாட்டுப் போட்டி ஒரு சாட்சி. காலையில் கிளம்பும்போதே சில குதிரைகள் தவறான பாதைக்கு அனுப்பப்பட்டன. ஓட்டத்தை நிறுத்தி, தூரத்தை 120 கிலோமீட்டராகக் குறைத்து மறுபடி தொடங்கினார்கள். புழுக்கம் தாங்காமல் குதிரைகள் வரிசையாகச் சிகிச்சைக்குப் போக, கடைசியில் பந்தயமே ரத்தானது. ஒரு குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டிவந்தது. பணம் இருந்தது, கொடி இருந்தது, உலகத் தொலைக்காட்சி இருந்தது. திருப்பத்தில் நின்று ‘இந்தப் பக்கம்’ என்று கை காட்டவேண்டிய ஏற்பாடுதான் சரியாக இல்லை. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, குதிரை நலன் பற்றிய குற்றச்சாட்டுகளின் பேரில், இந்த விளையாட்டில் பெரும் செலவு செய்யும் ஐக்கிய அரபு அமீரகத்தின் சங்கத்தையே உலகக் கூட்டமைப்பு சில மாதம் இடைநீக்கம் செய்து வைத்திருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நம் பக்கத்து மலையேற்றத்தில் இப்படி நிறுத்துகிறவர்கள் உண்டா என்று பார்க்க, இனி தடாவுக்கு வருவோம். குதிரைக்குப் பெயர் போன ஊர் அல்ல அது. ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும் வரும் முதல் ஊர். சூலூர்பேட்டை மின்சார ரயில் நிற்கும் ஸ்டேஷன். கிழக்கே பழவேற்காடு ஏரி, மேற்கே ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகள். சென்னை இளைஞர்களுக்கு ‘தடா’ என்றால் அருவி. உண்மையில் அருவி இருப்பது ஊரிலிருந்து உள்ளே தள்ளி, வரதய்யபாளையம் கடந்து, உப்பலமடுகுவில். சிவராத்திரிக்குப் பக்தர்கள் போகும் சித்துலய்ய கோனாவும் அங்கேதான். 2022 ஏப்ரல் வரை ஊர் நெல்லூர் மாவட்டத்திலும் அருவி சித்தூர் மாவட்டத்திலும் இருந்தன. புதிய திருப்பதி மாவட்டம் வந்தபோதுதான் இரண்டும் ஒரே கலெக்டரின் கீழ் வந்தன. பாறைகளுக்கு நடுவே பச்சைத் தண்ணீர் தேங்கிய குளங்கள், பார்த்தால் இடுப்பளவு ஆழம்போலத் தெரியும். அதை நம்பிக் குதித்து மூழ்கிய சென்னைப் பையன்களின் கதைகள் பத்திரிகைகளில் பல வந்திருக்கின்றன.

இந்த மலைகளைச் சென்னைக்கு முறையாக அறிமுகம் செய்ததில் சென்னை ட்ரெக்கிங் கிளப்புக்குப் பெரிய பங்கு உண்டு. பெல்ஜியத்திலிருந்து வந்து சென்னையில் தங்கி மென்பொருள் துறையில் வேலை பார்த்த பீட்டர் வான் கெய்ட் 2008இல் தொடங்கியது அது. தடா, நாகலாபுரம், வெங்கடகிரி என்று இந்தப் பக்கத்து மலைகளில் வாராவாரம் ஆட்களைக் கூட்டிப் போனார்கள். லாபம் கிடையாது, பயணச் செலவைப் பங்கு போட்டுக்கொள்வதுதான். முதல் தடவை புதியவராகப் போனவர் பிறகு வழிகாட்டுபவராக மாறுவார், அதற்கடுத்து பத்துப் பேரைப் பழக்குவார். கடற்கரைக் குப்பை அள்ளினார்கள், மலைப்பாதை ஓட்டங்கள் நடத்தினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைத் தெருக்களில் மீட்பு வேலைக்கு இறங்கியவர்களில் இந்தக் கிளப்பின் ஆட்களும் இருந்தார்கள். கலிஃபோர்னியா முகாமில் ஸ்டெதாஸ்கோப் பிடிக்கும் கூட்டத்துக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. விடுமுறை நாளைக் கொடுத்து அடுத்தவர் மலையேறுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ரகம்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்து இந்தக் கிளப் மூலம் போனவர்களும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து போன இன்னொரு குழுவினரும் அதில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கூட்டிச் சென்ற தன்னார்வலர்களும் இறந்தவர்களில் உண்டு. அனுமதி வாங்கிய பாதை எது, போன பாதை எது, காய்ந்த மார்ச்சில் மலை ஏற விட்டது யார் என்ற கேள்விகள் விசாரணையில் வந்தன. அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறை கொண்டுவந்தது.

குற்றம் யார் மேல் என்ற வாதத்துக்குள் இப்போது போக வேண்டியதில்லை. ஆனால் குதிரைக்காரர்களிடம் உள்ள, நம் மலையேற்றக் குழுக்களிடம் இல்லாத ஒன்று உண்டு. இங்கே வழிநடத்துகிறவரே உற்சாகம் ஊட்டுகிறவரும், படம் எடுக்கிறவரும், ‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’ என்று சொல்கிறவருமாக இருக்கிறார். ‘போதும், திரும்பு’ என்று சொல்வதற்குத் தனியாக ஓர் ஆள் இல்லை. குதிரைச் சோதனை வாசலில் ஓட்டி ஒருவர் எவ்வளவு கெஞ்சினாலும் நாடி எண்ணுகிறவரால் 17ஐ 16 ஆக்க முடியாது. அவர் ஓட்டியின் நண்பராகவே இருக்கலாம். முந்தின இரவு இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கலாம். ஆனாலும் எண் எண்தான். நட்பும் கண்டிப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க, அளவு எழுத்தில் இருப்பதுதான் காரணம். ‘மழை வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. நம் குழுக்களில் அந்தப் பேச்சுதான் பாதி வழி நடத்துகிறது.

2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் இந்த இடத்தில்தான் கொஞ்சம் கை வைத்திருக்கிறது. மாநிலம் முழுக்க 40 பாதைகள். தடாவை ஒட்டிய திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகைப் பாதையும் அதில் ஒன்று. மலையடிவாரத்து மக்களையும் பழங்குடியினரையும் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கி, வருமானத்திலும் பங்கு தருகிறார்கள். தீ பிடிக்கும் கோடை மாதங்களில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். காட்டை அறிந்தவர் கையில் முடிவு இருப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் சம்பளத்துக்கு வருகிறவர், காசு கட்டி வந்த ஐடி கம்பெனிக் கூட்டத்தைத் திருப்பி அனுப்பும் அளவுக்குத் துணிவாரா என்பதை இன்னும் சில மழைக்காலங்கள் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

உப்பலமடுகுவில் நிலைமை வேறு. அது ஆந்திர வனத்துறையின் காடு. மழை வலுத்தால் அவர்கள் வழியை மூடுகிறார்கள். கிளப் எதிலும் சேராமல் நாலு பைக்கில் ஏழு பேராக வருகிறவர்களே இன்று அங்கே அதிகம். அவர்களை எண்ணி அனுப்பவும், எண்ணிக்கை குறைந்தால் தேடிப் போகவும் கடைசியில் வருகிற டிராக் ரைடர் மாதிரி ஒருவர் வேண்டும். வரதய்யபாளையத்துப் பையன்கள் நாலு பேருக்கு ஒரு விசில், ஒரு கயிறு, மிதவை ஜாக்கெட், ஒரு நோட்டுப் புத்தகம், அதோடு ‘குளத்தில் இறங்காதே’ என்று சொன்னால் கேட்டே ஆக வேண்டும் என்ற வனத்துறையின் கையெழுத்து. இவ்வளவு இருந்தால் வரும் ஐப்பசி மழைக்கு முன்பே தொடங்கிவிடலாம்.